சென்சார் காட்டிய 320: நைட்ரஜன் ஆக்சைடு வினையூக்கி ஒன்றைப் பழுதுபார்த்த பதிவு

500 கேவிஏ டீசல் ஜெனரேட்டர் ஒன்றின் புகைப்பாதையில், யூரியாக் கரைசலைத் தெளித்து, புகையை வினையூக்கியின் வழியே செலுத்தி நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் எஸ்.சி.ஆர். (தேர்ந்த வினையூக்கிக் குறைப்பு) அமைப்பு ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. நிறுவிய புதிதில், 70 சதவீத லோடில், வினையூக்கிக்குள் நுழையும் புகையில் 900 பிபிஎம் (பத்து லட்சத்தில் 900 பங்கு) நைட்ரஜன் ஆக்சைடு இருந்தால், வெளியேறும் பக்கத்துச் சென்சார் 105 பிபிஎம் காட்டியது. சுமார் 7,000 மணி நேரம் ஓடிய பிறகு, அதே லோடில், அதே நுழைவு அளவில், அந்தச் சென்சார் 320 காட்டத் தொடங்கியது. குறைப்பு வீதம் 88 சதவீதத்திலிருந்து 64 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது என்பதே இதன் பொருள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம். இயந்திரத்தை ஓட்டுபவர்கள் யூரியா அளவைக் கையால் பத்து சதவீதம் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள். அளவு குறையவில்லை, 330 ஆக ஏறியது. "கேட்டலிஸ்ட் செத்துப்போச்சு" என்ற தீர்ப்புடன்தான் வேலை என் கைக்கு வந்தது. அதற்குப் பிந்தைய ஐந்து வாரங்களில் செய்தவற்றை, செய்த தவறுகளையும் சேர்த்து, இங்கே எழுதி வைக்கிறேன்.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினுக்குப் பின் நேரான குழாய். அதில் நான்கு துளைகள் கொண்ட நாசில் ஒன்று அழுத்தக் காற்றின் உதவியுடன் யூரியாக் கரைசலைத் தெளிக்கிறது. அடுத்து, சாய்ந்த தகடுகள் கொண்ட மிக்ஸர். அதற்கும் அப்பால், சதுரப் பெட்டிக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு அடுக்கு தேன்கூட்டுக் கட்டிகள். கட்டிகளின் பொருள் டைட்டானியம் டையாக்சைடு, அதிலும் அனடேஸ் வடிவம். அதன்மேல் டங்ஸ்டன் ஆக்சைடும், சிறிதளவு வனேடியம் பென்டாக்சைடும் பரவியிருக்கின்றன. உண்மையில் வினை நடப்பது வனேடியத்தின் மீதுதான். வனேடியத்தைக் கூட்டினால் வேகம் கூடும், ஆனால் புகையில் உள்ள சல்ஃபர் டையாக்சைடு டிரையாக்சைடாக மாறுவதும் கூடவே அதிகரிக்கும்; ஆகவே அதைச் சில சதவீதத்துக்குள் நிறுத்திவிடுகிறார்கள். ஜப்பானிய அனல்மின் நிலையங்களில் 1970களின் பிற்பகுதியிலேயே இந்த முறை நடைமுறைக்கு வந்துவிட்டது. டைட்டானியம் ஆக்சைடு எளிதில் சல்ஃபேட்டாக மாறிப் பாழாகாது என்பதே அது மற்ற ஆக்சைடுகளைச் சுமக்கும் தாங்கியாக நிலைபெற்றதற்கு முக்கியக் காரணம்.

யூரியா 130 பாகை செல்சியஸுக்குச் சற்று மேலே உருகி, பிறகு சிதைந்து அமோனியாவும் ஐசோசயனிக் அமிலமும் தருகிறது. அந்த அமிலம் நீராவியுடன் சேர்ந்து இன்னொரு அமோனியாவையும் கரியமில வாயுவையும் தருகிறது. ஆக, ஒரு மூலக்கூறு யூரியாவிலிருந்து இரண்டு அமோனியா கிடைக்கும். வினையூக்கியின் அமிலத் தன்மையுள்ள இடங்களில் அமோனியா ஒட்டிக்கொள்கிறது; வாயுவில் வரும் நைட்ரிக் ஆக்சைடு அதனோடு மோதி வினைபுரிகிறது; ஆக்சிஜன் அந்த இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. வெளியே போவது நைட்ரஜனும் நீராவியும். அந்த நைட்ரஜன் மூலக்கூறில் ஓர் அணு அமோனியாவிலிருந்தும் மற்றோர் அணு நைட்ரிக் ஆக்சைடிலிருந்தும் வருகிறது. ஒன்றுக்கு ஒன்று என்ற இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் எண்கள் எளிதில் புரியும்.

முதல் இரண்டு நாள்களும் எளிய சோதனைகளுக்குப் போயின. தொட்டியிலிருந்த யூரியாக் கரைசலின் ஒளிவிலகல் எண்ணைப் பார்த்தேன். 20 பாகையில் 1.3829. 32.5 சதவீதக் கரைசலுக்கு 1.3814 முதல் 1.3843 வரை இருக்கலாம் என்பதால் அதில் குறையில்லை. பிறகு நாசிலுக்குப் போகும் குழாயைக் கழற்றிக் கண்ணாடிக் குவளையில் விட்டுப் பத்து நிமிடம் எடைபோட்டேன், 655 கிராம். ஒரு கிராம் நைட்ரஜன் ஆக்சைடுக்கு, அதை நைட்ரஜன் டையாக்சைடாக எண்ணி எடைபோட்டால், 32.5 சதவீதக் கரைசல் இரண்டு கிராம் தேவைப்படும். எஞ்சின் மணிக்குச் சுமார் 2.15 கிலோ நைட்ரஜன் ஆக்சைடு வெளியிடுகிறது. தேவையில் 92 சதவீதம் கொடுக்கும்படி கட்டுப்பாட்டுக் கருவி அமைக்கப்பட்டிருக்கிறது. கணக்குப்படி பத்து நிமிடத்துக்கு 660 கிராம் வரவேண்டும். பம்ப் சரியாகத்தான் தள்ளுகிறது என்று குறித்துக்கொண்டேன். அந்தக் குறிப்பு உண்மைதான். ஆனால் குழாயைக் கழற்றி அளந்ததால், கரைசல் எவ்வளவு போகிறது என்பது மட்டுமே தெரிந்தது, எங்கே போகிறது என்பது தெரியவில்லை. இது எனக்கு உறைக்க மூன்று வாரங்களுக்கு மேல் ஆயிற்று.

கரைசல் சரி, பம்ப் சரி என்றானதும் நானும் மற்றவர்களைப் போலவே வினையூக்கியின் மீது சந்தேகத்தைத் திருப்பினேன். இயந்திரத்தை நிறுத்தி, பெட்டி ஆறியதும், இரண்டு அடுக்குகளிலிருந்தும் ஒவ்வொரு கட்டியை வெளியே எடுத்தோம். வனேடியம் கலந்த தூசி மூச்சுக்குழாய்க்கு ஆகாது; துகள்களை முழுமையாகத் தடுக்கும் முகமூடியும் கையுறையும் அணிந்து, ஈரத் துணி விரித்த மேசையின் மீதுதான் அறுத்தோம். முன் அடுக்கின் நுழைவு முகத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பூச்சு இருந்தது. பத்தில் ஒரு துளையில் புகைக்கரி அடைத்திருந்தது. காற்றடித்ததும் பெரும்பாலும் போய்விட்டது. பின் அடுக்கு கிட்டத்தட்டப் புதியதைப் போலவே வெளிறிய மஞ்சளாக இருந்தது. நல்லவேளையாக, நிறுவும்போது மிஞ்சிய ஒரு புதிய கட்டியை யாரோ பெட்டியோடு அலமாரியில் வைத்திருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் புதிய மாதிரி இல்லாமல் பழைய வினையூக்கியைச் சோதிப்பது, எடைக்கல் இல்லாமல் தராசு பிடிப்பதைப் போன்றது.

மூன்று கட்டிகளிலிருந்தும் ஒரே எண்ணிக்கையிலான துளைகளும் ஒரே நீளமும் கொண்ட சிறு துண்டுகளை அறுத்து, ஆய்வகக் குழாய் உலையில் வைத்துச் சோதித்தோம். 350 பாகை வெப்பம். 500 பிபிஎம் நைட்ரிக் ஆக்சைடு, 600 பிபிஎம் அமோனியா, 10 சதவீதம் ஆக்சிஜன், 8 சதவீதம் நீராவி, மீதி நைட்ரஜன். அமோனியாவை வேண்டுமென்றே மிகுதியாகக் கொடுப்பதற்குக் காரணம் உண்டு: அமோனியா குறைவாக இருந்தால் நாம் அளப்பது வினையூக்கியின் திறனை அல்ல, அமோனியாவின் அளவை. வாயுவின் ஓட்டத்தை வினையூக்கிச் சுவர்களின் மொத்தப் பரப்பால் வகுத்தால் கிடைக்கும் பரப்பு வேகத்தை மணிக்கு 30 மீட்டர் என்று வைத்துக்கொண்டோம். வினை முதல்படி வேக விதியைப் பின்பற்றுகிறது, அதாவது அதன் வேகம் நைட்ரிக் ஆக்சைடின் செறிவுக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது என்று கொண்டால், மாறாமல் மிஞ்சும் பின்னத்தின் இயல் மடக்கையைப் பரப்பு வேகத்தால் பெருக்கிக் குறியை மாற்றினால் வினையூக்கியின் செயல்திறன் மாறிலி கிடைத்துவிடும்.

முதல் நாள் முடிவு பயமுறுத்தியது. முன் அடுக்கின் துண்டு 48 சதவீதம் மட்டுமே குறைத்தது. அன்று மாலையே "மாற்றத்தான் வேண்டும்" என்று எழுதி அனுப்பியிருப்பேன். அனுப்பாமல் தடுத்தது ஒரு சிறு உறுத்தல்: அந்தத் துண்டைக் குழாயில் நுழைக்கும்போது அது கொஞ்சமும் உரசாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிருந்தது. வெளியே எடுத்துப் பார்த்தபோது, துண்டுக்கும் கண்ணாடிக் குழாய்க்கும் நடுவில் ஒரு பக்கத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் கூடுதலான இடைவெளி இருந்தது. வாயுவில் ஒரு பங்கு வினையூக்கியைத் தொடாமலே சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. துண்டைப் பீங்கான் இழைத் தாளால் இறுகச் சுற்றி மறுபடி நுழைத்தோம். அதோடு, உலையிலிருந்து பகுப்பாய்வுக் கருவிக்குச் செல்லும் குழாய் குளிர்ந்திருந்ததால் அதில் நீர் வடிந்து அமோனியாவை விழுங்கிக்கொண்டிருந்தது; அந்தக் குழாய் முழுவதையும் 180 பாகைக்குச் சூடாக்கும் பட்டியால் சுற்றினோம். இரண்டு திருத்தங்களுக்கும் பிறகு வந்த எண்கள்: புதிய துண்டு 78 சதவீதம், முன் அடுக்கு 66, பின் அடுக்கு 76. செயல்திறன் மாறிலிகளாக மாற்றினால் 45.4, 32.4, 42.8. புதியதோடு ஒப்பிட முன் அடுக்கு 0.71, பின் அடுக்கு 0.94, சராசரி 0.83.

முன் அடுக்கின் மேற்பரப்பை எக்ஸ்-கதிர் ஒளிர்வு முறையில் சோதித்தபோது பாஸ்பரஸ், கால்சியம், துத்தநாகம் மூன்றும் தெரிந்தன. மூன்றுமே எஞ்சின் எண்ணெயில் கலக்கும் சேர்மானங்களிலிருந்து வருபவை. எண்ணெய் சிறிது சிறிதாக எரியும்போது இவை சாம்பலாகப் புகையில் வந்து, முதலில் எதிர்ப்படும் அடுக்கில் படிகின்றன. ஆகவே முன் அடுக்கு கூடுதலாகத் தேய்ந்திருப்பதில் வியப்பில்லை.

இந்த எண்களைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டபோதுதான் கதை திரும்பியது. நிறுவிய நாளில் அமோனியாவை மிகுதியாகக் கொடுத்துப் பார்த்த ஏற்புச் சோதனையில் இந்த அமைப்பு 97 சதவீதம் குறைத்ததாகக் கோப்பில் இருந்தது. அதாவது மிஞ்சியது 0.03, அதன் மடக்கை, குறியை நீக்கினால், 3.51. அதில் 0.83 பங்குதான் இப்போது இருக்கிறது என்றால் 2.9, அதற்குரிய குறைப்பு வீதம் 94 சதவீதம். 97 சதவீதம் குறைக்கக்கூடியதாக இருந்த வினையூக்கி இப்போது 94 சதவீதம் குறைக்கக்கூடியதாக இருக்கிறது, அவ்வளவே. தேவையில் 92 சதவீத அமோனியாவை மட்டுமே கொடுக்கும் அன்றாட ஓட்டத்தில் இந்த வேறுபாடு ஓரிரு சதவீதமாகத்தான் தெரியும். 88 சதவீதம் 64 ஆனதற்கு வினையூக்கியின் முதுமை காரணமாக இருக்க வழியே இல்லை. ஆய்வகத்தில் கழித்த மூன்று வாரமும் வீண் என்று ஒருவர் சொன்னார். நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் எதிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும் என்பதில் அவர் பக்கம் நியாயம் உண்டு.

கட்டிகளைத் திரும்பப் பொருத்தும்போது, முன் அடுக்கையும் பின் அடுக்கையும் இடம் மாற்றி வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. முதல்படி வினையில் இரண்டு அடுக்குகளின் பங்கும் ஒன்றோடொன்று பெருகுவதால், வரிசை மாறினாலும் மொத்தம் மாறாது. நல்ல அடுக்கையும் சாம்பலுக்குக் காட்டிக் கெடுத்துக்கொள்வதே மிச்சம். நீர்த்த கந்தக அமிலத்தில் கழுவலாம் என்ற யோசனையையும் ஒதுக்கினேன். பொட்டாசியம், சோடியம் போன்றவை நஞ்சாகப் படிந்திருந்தால் அந்தக் கழுவல் பலன் தரும். ஆனால் கூடவே வனேடியத்திலும் ஒரு பங்கு கரைந்துபோகும். 0.71 என்ற எண்ணுக்காக அந்த ஆபத்தை எடுக்க வேண்டியதில்லை.

அடுத்து நம்பக்கூடாதது எது என்று யோசித்தபோது மிஞ்சியது சென்சார். இந்த வகைச் சென்சார் சிர்கோனியா பீங்கானால் ஆனது. முதல் அறையில் ஆக்சிஜனை வெளியேற்றிவிட்டு, இரண்டாம் அறையில் நைட்ரிக் ஆக்சைடைப் பிளந்து, அதிலிருந்து வரும் ஆக்சிஜனை மின்னோட்டமாக அளக்கிறது. அமோனியா அதற்குள் போனால் அங்கேயே ஆக்சிஜனேற்றம் பெற்று நைட்ரிக் ஆக்சைடாக மாறிவிடும். சென்சாருக்கு இரண்டும் ஒன்றுதான். எனக்கு இது தெரியாத செய்தி அல்ல. ஆனாலும் திரையில் ஓர் எண் தெரிந்தால் அதை அப்படியே நம்பிவிடும் பழக்கம் என்னையும் விடவில்லை.

மின்வேதிக் கலம் கொண்ட கையடக்கப் பகுப்பாய்வுக் கருவியைக் கொண்டுவந்து அதே இடத்தில் அளந்தேன். அதன் மாதிரிக் குழாயில் உள்ள குளிர்ந்த நீர்ப்பொறியில் அமோனியா பெரும்பாலும் கரைந்து நின்றுவிடும் என்பதால், அது காட்டுவது நைட்ரஜன் ஆக்சைடை மட்டுமே. நிலையான சென்சார் 320 காட்டும்போது கைக்கருவி 208 காட்டியது. உண்மையான குறைப்பு வீதம் 64 அல்ல, 77. மீதி நூற்றுச் சொச்சம், புகையோடு தப்பிச் சென்ற அமோனியா.

இங்கே ஒரு முரண் நிற்கிறது. நைட்ரஜன் ஆக்சைடு 208 மிஞ்சியிருக்கிறது என்றால் அமோனியா போதவில்லை. அமோனியா நூற்றுக்கு மேல் மிஞ்சியிருக்கிறது என்றால் அது கூடிவிட்டது. வினையூக்கி நன்றாக இருக்கும்போது இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி மிஞ்ச முடியும்?

கட்டுப்பாட்டுக் கருவியைக் கைமுறைக்கு மாற்றி, யூரியாவைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் அரை மணி நேரம் காத்திருந்தேன். வினையூக்கி தன் மேற்பரப்பில் அமோனியாவைச் சேமித்து வைப்பதால், அவசரப்பட்டு அளந்தால் பழைய நிலைமைதான் தெரியும். பத்து சதவீதம் குறைத்தபோது கைக்கருவி 208 இலிருந்து 245க்கு ஏறியது. நிலையான சென்சாரோ 320 இலேயே நின்றது, அசையவில்லை. பழையபடி வைத்துவிட்டுப் பத்து சதவீதம் கூட்டியபோது கைக்கருவி 178க்கு இறங்கியது. சென்சார் 330க்கு ஏறியது. குறைத்தபோது நைட்ரஜன் ஆக்சைடு எவ்வளவு கூடியதோ அவ்வளவுக்கு அமோனியாவின் பங்கு குறைந்து, இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டியிருக்கின்றன. புகை முழுவதிலும் அமோனியா குறைவாக இருந்திருந்தால், யூரியாவைக் குறைத்ததும் சென்சார் ஏறியிருக்க வேண்டும். முழுவதிலும் மிகுதியாக இருந்திருந்தால் இறங்கியிருக்க வேண்டும். அசையாமல் நிற்பது, குறுக்குவெட்டின் ஒரு பகுதி பட்டினியாகவும் இன்னொரு பகுதி விருந்தாகவும் இருப்பதன் அடையாளம். இந்தச் சோதனைக்கு ஒரு பிற்பகல் போதும். கழற்ற வேண்டியது எதுவும் இல்லை. முதல் நாளே இதைச் செய்திருக்க வேண்டும்.

பெட்டியின் வெளியேறும் பக்கத்தில், நான்கு நெடுவரிசை, மூன்று ஆழம் எனப் பன்னிரண்டு புள்ளிகளில் துருப்பிடிக்காத எஃகுக் குழாயை நுழைத்து அளந்தோம். லோடு மாறாமல் இருக்கச் செயற்கை லோடு பெட்டியை இணைத்திருந்தோம். ஒவ்வொரு புள்ளியிலும் கைக்கருவியால் நைட்ரஜன் ஆக்சைடும், நிறம் மாறும் கண்ணாடிக் குழாயால் அமோனியாவும் பார்த்தோம். ஆழத்துக்கு ஆழம் வேறுபாடு சிறிதே. நெடுவரிசைகளுக்கிடையேதான் கதை இருந்தது. இடது ஓரத்தில் நைட்ரஜன் ஆக்சைடு 414, அடுத்து 243, அடுத்து 108, வலது ஓரத்தில் 72. அமோனியா நேர் எதிராக: இடது ஓரத்தில் பத்துக்கும் கீழே, அடுத்து 20க்குச் சற்றுக் கீழே, அடுத்து 150 அளவில், வலது ஓரத்தில் 370 அளவில். வலது ஓரத்தில் கண்ணாடிக் குழாயின் நிறம் பம்ப்பை முதல் இழுப்பு இழுக்கும்போதே பாதிக்கு மேல் ஓடியது. நாங்கள் குழாய் பழுதோ என்று எண்ணி இன்னொன்றை உடைத்துப் பார்த்தோம், அதுவும் அப்படியே.

சராசரி எடுத்தால் நைட்ரஜன் ஆக்சைடு 209. அமோனியா ஏறத்தாழ 137. சென்சார் அமோனியாவை எண்பது சதவீத அளவுக்கு நைட்ரஜன் ஆக்சைடாக எண்ணுகிறது என்று கொண்டால் 209ஓடு 110 சேர்ந்து 319. திரையில் பல வாரமாக நின்றிருந்த 320 எங்கிருந்து வந்தது என்பது அப்போது தெரிந்தது. நெடுவரிசை ஒவ்வொன்றிலும் வினைபுரிந்ததையும் மிஞ்சிய அமோனியாவையும் கூட்டிப் பின்னோக்கிக் கணக்கிட்டபோது, இடது ஓரத்துக்குத் தேவையில் 55 சதவீத அமோனியாவும், வலது ஓரத்துக்கு 133 சதவீதமும் போயிருக்கின்றன. சராசரி 92. பம்ப் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது, பங்கீடுதான் கெட்டிருக்கிறது. தேன்கூட்டுக் கட்டிக்குள் நுழைந்த வாயு அந்தந்தத் துளை வழியாகவே வெளியேறும், சுவரைத் தாண்டிப் பக்கத்துத் துளைக்குப் போகாது. ஆகவே நுழைவு முகத்தில் சேராத அமோனியாவும் நைட்ரஜன் ஆக்சைடும் உள்ளே சேர வாய்ப்பே இல்லை. வெளியே வந்து கலந்து சென்சாரின் முன் ஒன்றாக நிற்பதுதான் நடந்தது.

மறுநாள் மிக்ஸர் இருக்கும் குழாய்த் துண்டைக் கழற்றினோம். போல்ட்டுகள் தளர்ந்ததுமே வெடித்த அமோனியா நாற்றம் கண்ணை எரித்தது. வலப்பக்கச் சுவரிலும் மிக்ஸரின் வலப்பக்கத் தகடுகளிலும் வெள்ளைப் பாறை போன்ற படிவு, விரற்கடை மூன்று அளவுக்குத் தடித்து, தகடுகளின் இடைவெளிகளை அடைத்துக்கொண்டு, கீழே சொட்டுச் சொட்டாக உறைந்து தொங்கியது. இடப்பக்கத் தகடுகள் கரி படிந்து வெறுமையாக இருந்தன. நாசிலைக் கழற்றிப் பார்த்தால், இடப்பக்கம் பார்த்த இரண்டு துளைகளில் ஒன்று முற்றாகவும் மற்றது பாதிக்கு மேலும் அடைபட்டிருந்தன. ஒரு மெல்லிய ஊசி கூட முதல் துளையில் நுழையவில்லை. பம்ப் அளந்து தள்ளுவது என்பதால், அடைபட்ட துளைகளின் பங்கு திறந்திருந்த துளைகளுக்குப் போய், வலப்பக்கச் சுவரை நனைத்திருக்கிறது. நனைந்த சுவரில் படிவு வளர்ந்து, கலக்க வேண்டிய தகடுகளையும் மூடிவிட்டது.

படிவை உடைத்துப் பார்த்தபோது அடுக்குகள் தெரிந்தன. மேற்புறம் வெண்மையாக, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. உட்புறம் பழுப்பேறி, பீங்கானைப் போல இறுகியிருந்தது. வெந்நீரில் போட்ட துண்டில் மேற்புறம் சில நிமிடங்களில் கரைந்துபோக, உட்புறம் முனைகள் மழுங்காமல் அப்படியே கிடந்தது. மேற்புறத்தில் இருந்தது பெரும்பாலும் சிதையாத யூரியாவும், அது ஒன்றோடொன்று இணைந்து உண்டாகும் பையூரெட்டும். உட்புறத்தில் இருந்தது, இன்னும் சூடேறி வளைய வடிவம் பெற்ற சயனூரிக் அமில வகை. பையூரெட் 200 பாகைக்கு முன்பின்னாகச் சிதையும். சயனூரிக் அமிலத்துக்கு 320 பாகைக்கு மேல் வேண்டும். முழு லோடில் எஞ்சின் ஓடினாலும் சுவரின் வெப்பம் புகையின் வெப்பத்தைவிடக் குறைவு என்பதால், ஒருமுறை உள்ளடுக்கு உருவாகிவிட்டால் அது தானாகப் போகாது.

காரணம் இயக்கப் பதிவேட்டிலேயே கிடந்தது. ஒரு கட்டத்தில் சில மாதங்கள் இந்த ஜெனரேட்டர் 25 சதவீத லோடில் நெடுநேரம் ஓடியிருக்கிறது. புகையின் வெப்பம் 230 பாகையைத் தாண்டவில்லை. யூரியா தெளிப்பு 200 பாகையிலேயே தொடங்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. நாசிலுக்கும் மிக்ஸருக்கும் இடையே ஒரு மீட்டர் குழாய்க்கு வெப்பக்காப்புச் சுற்றப்படவில்லை. பழைய வேலை ஒன்றுக்காகக் கழற்றியவர்கள் திரும்பப் போடாமல் விட்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இயந்திரம் நின்றதும் நாசிலுக்குள் தேங்கிய கரைசலைக் காற்றடித்து வெளியேற்றும் நேரத்தை யாரோ பதினைந்து நொடியாகக் குறைத்துவிட்டிருக்கிறார்கள். சூடான நாசிலுக்குள் தேங்கிய கரைசலில் நீர் மட்டும் ஆவியாகிப் போய்விடும். மிஞ்சிய யூரியா துளையின் வாயிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் ஒரு மெல்லிய தோல்.

சுத்தம் செய்வதில் பொறுமைதான் முக்கியம். மிக்ஸரைத் தீயில் காட்டினால் விரைவில் முடியும் என்றார்கள்; அந்தப் படிவு சூட்டில் சிதைந்தால் ஐசோசயனிக் அமிலமும் அமோனியாவும் கிளம்பும் என்பதால் அதற்கு நான் ஒப்பவில்லை. வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்து, வெளியடுக்கு கரைந்து உள்ளடுக்கின் பிடிப்புத் தளர்ந்ததும், மரக்கட்டையும் பித்தளைத் தகடும் கொண்டு பெயர்த்தெடுத்தோம். மிஞ்சிய ஒட்டுகளை, காரக் கரைசல் சயனூரிக் அமிலத்தைக் கரைக்கும் என்பதால், நீர்த்த காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துப் போக்கி, கடைசியில் நல்ல நீரில் பலமுறை அலசினோம். அந்தச் சோடியம் ஒரு துளி கூட வினையூக்கியின் பக்கம் போய்விடக் கூடாது. அமிலத் தன்மையுள்ள இடங்களைச் சோடியம் பிடித்துக்கொண்டால் அமோனியா ஒட்ட இடமிருக்காது. படிவை நீக்கப் போய் வினையூக்கியை நாமே கொன்றதாகிவிடும். அலசிய நீரைக் காரம் காட்டும் தாளில் தொட்டுப் பார்த்து, நிறம் மாறாதது உறுதியான பிறகே மிக்ஸரை உலர்த்தினோம்.

நாசிலைப் புதியதாக மாற்றினோம். பழைய நாசில் குழாயின் நடுவிலிருந்து 20 மில்லிமீட்டர் வலப்பக்கம் விலகிப் பொருத்தப்பட்டிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. புதிய தாங்கி செய்து நடுவில் நிறுத்தினோம். வெப்பக்காப்பைப் பாறையிழைப் பாயும் அலுமினியத் தகடும் கொண்டு முழுமையாகச் சுற்றினோம். தெளிப்புத் தொடங்கும் வெப்பத்தை 250 பாகைக்கு உயர்த்தினோம். இதனால் குறைந்த லோடில் நைட்ரஜன் ஆக்சைடு குறையாமல் போகும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குக் கீழான வெப்பத்தில் தெளிக்கும் யூரியா சுவரில் படியும். எரிபொருளில் கந்தகம் இருந்தால் அம்மோனியம் பைசல்ஃபேட்டாக வினையூக்கியின் நுண்துளைகளையும் அடைக்கும். குறைந்த லோடில் நெடுநேரம் ஓட்டுவதைத் தவிர்ப்பதே சரி என்று இயக்கக் குறிப்பில் எழுதிவைத்தோம். நிறுத்திய பின் காற்றடிக்கும் நேரத்தை மூன்று நிமிடமாக்கி, அந்த அமைப்பைக் கடவுச்சொல்லுக்குள் வைத்தோம்.

மறுபடி 70 சதவீத லோடில், அதே பன்னிரண்டு புள்ளிகளில் அளந்தபோது, நெடுவரிசைகளின் அமோனியாப் பங்கு தேவையில் 89 முதல் 94 சதவீதத்துக்குள் நின்றது. நைட்ரஜன் ஆக்சைடின் சராசரி 100 பிபிஎம்; கண்ணாடிக் குழாயில் அமோனியா எந்தப் புள்ளியிலும் 40ஐத் தாண்டவில்லை. நிலையான சென்சார் 122 காட்டியது. புதிய நிலையில் இருந்த 105க்கும் இதற்கும் உள்ள இடைவெளியில்தான் வினையூக்கியின் 7,000 மணி நேர முதுமை அடங்கியிருக்கிறது. பழைய அடுக்குகள் இரண்டும் அப்படியே உள்ளே இருக்கின்றன. அறுத்தெடுத்த கட்டிகளின் இடத்தில் மட்டும் அலமாரியிலிருந்த புதிய கட்டியின் மீதியை அளவாக வெட்டி, இழைத்தாள் சுற்றிப் பொருத்தினோம்.

இப்போது 500 மணி நேரத்துக்கு ஒருமுறை நாசிலைக் கழற்றிப் பார்க்கிறோம். அதற்கு முன் யூரியாவைப் பத்து சதவீதம் குறைத்து, சென்சார் ஏறுகிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்கிறோம். முதல் தடவை பார்த்தபோது சென்சார் 70 பிபிஎம்முக்கு மேல் ஏறியது, அப்படித்தான் ஏற வேண்டும். நாசிலின் நான்கு துளைகளும் திறந்திருந்தன. மூன்றாவது துளையின் விளிம்பில் மட்டும் உப்புக்கல் அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. ஈரத் துணியால் துடைத்ததும் போய்விட்டது.